உலர் எடை

திங்கள், புதன், வெள்ளி,
விடியுமுன் யங்ஸ்டவுன் பனியை மிதித்து
மூன்று பேர் என்னிடம் வருகிறார்கள்.
முதலில் தராசு.
ததேயஸ் பீப்பிள்ஸ், இரண்டு கிலோ நானூறு கூடுதல்.
ஆண்டி ஹ்ரிங்கோ, மூன்று. ராத்திரி சூப் குடித்ததை
ஒப்புக்கொள்கிறார்.
கிளியோஃபஸ் டர்ட்டன், ஒன்று எண்ணூறு.
அவர் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

கூடியதெல்லாம் தண்ணீர். நான்கு மணி நேரத்தில்
எந்திரம் அதை உறிஞ்சிவிடும்.
"ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பே கிடையாது, தெரியுமா?"
என்கிறார் ததேயஸ்.
இங்கே உண்டு, என்று அட்டையைக் காட்டுகிறேன்.

ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரும்வரை
வாய் சும்மா இருக்குமா?

"எழுபதுகள். பேச்சே இல்லை.
அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன், நார்ட்டன்.
வேறு காலத்தில் ராஜாவாக இருந்திருப்பவன்
அன்றைக்கு வாசலில் நின்றான்."

"லூயிஸ்," என்கிறார் ஆண்டி.
"பட்டத்தை இருபத்தைந்து முறை காத்தவன்.
எண்ணிப் பார்க்க என் விரல் போதாது.
சர்க்கரை தின்றது போக
கையிலும் காலிலும் மிஞ்சியது பதினேழு.
பாக்கி எட்டை உன்னிடம்தான் கடன் கேட்கணும்."

காலண்டரைக் கிழித்து
முப்பத்தெட்டை எழுபத்துமூன்றோடு மோதவிடுகிறார்கள்.
நடுவர் ஆண்டி.
ஆகவே ஆறாம் ரவுண்டில் முப்பத்தெட்டு ஜெயிக்கிறது.
ததேயஸ் என்னிடம் முறையிடுகிறார்.
நான் அழுத்தமானியைப் பார்ப்பதுபோல் நிற்கிறேன்.

"உனக்கு எழுபதுகள் பிடிக்கும்,
அப்போது உருக்காலை ஓடியது, உனக்கு முதுகு இருந்தது."
"ஆலை மூடியதும் எழுபதுகளில்தான், ஆண்டி."

கொஞ்ச நேரம்
எந்திரங்கள் மட்டும் பேசின.

கிளியோஃபஸ் கண்ணை மூடியிருந்தார்.
அவருடைய இடக்கையை எனக்குத் தெரியும்.
முழங்கை மடிப்பில் தமனியையும் சிரையையும்
ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள்.
விரல் வைத்தால் உள்ளே ஒரு பூனை உறுமும்.
அந்தக் கையில் கடிகாரம் கூடாது,
பை கூடாது, தலைவைத்துத் தூங்கக் கூடாது.
ஒரு காலத்தில் அது
யாரையும் கிட்டே வரவிடாமல் நீண்டுகொண்டிருந்த கை.
முப்பத்தோரு சண்டை. பத்தொன்பது தோல்வி.

"நீ சொல்லேன். கயிற்றுக்கு உள்ளே நின்றவன் நீ."

"எண்பத்துமூன்று," என்றார், கண் திறக்காமல்.
"ஈரியில். பிப்ரவரி.
சுவரொட்டியில் இருந்தது வேறொருவன் பெயர்.
அவன் வரவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள்.
அறுநூறு பேசி நானூற்றைம்பது கொடுத்தார்கள்.
மூன்றாம் ரவுண்டில் ஒரு இடது, சரியாக விழுந்தது.
அந்தப் பையனின் முழங்கால் யோசித்தது.
கூடத்தில் ஒரு சத்தமில்லை.
பாப்கார்ன் விற்றவன்கூட நின்றுவிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாலாம் ரவுண்டில் நான் கீழே.
நீங்கள் காலம் கேட்டீர்கள்.
அந்த முழங்கால் யோசித்த நேரம். அதுதான்."

ஆண்டிக்குப் பொறுக்கவில்லை.
"அது பட்டத்துக்கான சண்டையே இல்லையே,
அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?"
"சேர்க்கலாம்," என்றார் ததேயஸ்.
"கூடாது."
"எண்பத்துமூன்றில் வேறு என்ன இருந்தது?"
தொடங்கிவிட்டார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு ஊசியை எடுத்தேன்.
துளையின்மேல் இரண்டு விரல், பத்து நிமிடம்.
பூனை விடாமல் உறுமியது.
அவர் மெல்ல எழுந்தார்.
தண்ணீரெல்லாம் போன உடம்பு,
நடுவழியில் அவர் முழங்கால் யோசித்தது.
இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்,
தொடவில்லை.

பிறகு தராசு. அறுபத்தொன்பது கிலோ இருநூறு.
எட்டி எண்ணைப் படித்தார்.
"மிடில்வெயிட்," என்றார்.
"அவர்களிடம் சொல்லாதே.
அந்தச் சண்டையையும் ஆரம்பித்துவிடுவார்கள்."